ஜனவரியில் போட்ட பூட்டு

என் கணவன் யெர்மேக் ஆறு நாள் தூங்கினான். ஏழாம் நாள் காலையில் கண்ணைத் திறந்து, கூரையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "பயான், அப்பாவுக்கு மருந்து குடுத்தியா?" என்று கேட்டான். அவன் அப்பா இறந்து அப்போது ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது.

எங்கள் ஊர் அக்சோரில் அந்த வருஷம் தூங்கிப் போவது புதிய விஷயமில்லை. பால் வாங்கப் போனவர்கள் கடை வாசலில் தூங்கினார்கள். பக்கத்து வீட்டு கிளாவா மாட்டின் மடியில் கை வைத்தபடியே தூங்கிப்போய், மாடு நகராமல் நின்றதால் மிதிபடாமல் தப்பித்தாள். ஊருக்கு அடியில் மூடிக் கிடந்த பழைய சுரங்கத்திலிருந்து ஏதோ காற்று வருகிறது என்றார்கள். நகரத்திலிருந்து கண்ணாடிக் குடுவைகளோடு வந்தவர்கள் எங்கள் காற்றை அடைத்து எடுத்துக்கொண்டு போனார்கள். யாரும் திரும்பி வந்து விளக்கம் சொல்லவில்லை. தூங்கினவர்களைப் பனிச்சறுக்கு வண்டியில் கிடத்தி வீடு சேர்ப்போம். இரண்டு நாளிலோ ஐந்து நாளிலோ எழுந்திருப்பார்கள். குடித்தவர்களைப் போலத் தள்ளாடுவார்கள். சிலருக்கு ஏதாவது ஒரு துண்டு மறந்து போயிருக்கும். கிளாவாவுக்குத் தன் இன்னொரு மாட்டை விற்றது மறந்துவிட்டது. சாயங்காலமானால் வேலியோரம் நின்று அதன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவாள்.

யெர்மேக் மறந்தது அதைவிடப் பெரிய துண்டு. 2012 அறுவடைக் காலம் வரைக்கும் அவனுக்கு எல்லாம் நினைவிருந்தது. அதற்குப் பிறகு நடந்தது எதுவும் இல்லை.

அப்பா போய்விட்டதை நான்தான் சொன்னேன். அப்போதுதான் செய்தி வந்தவனைப் போல அழுதான். தலையை என் மடியில் வைத்துக்கொண்டு, அடக்கம் எப்படி நடந்தது, யார் யார் வந்தார்கள், நான் மண் போட்டேனா என்று கேட்டான். போட்டாய் என்றேன். அவன் முதுகைத் தடவிக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு அந்த எண்ணம் வந்தது. அப்பாவின் சாவு மறந்துவிட்டதென்றால் அதற்குப் பின்னால் வந்த குளிர்காலமும் மறந்துவிட்டது. அவன் அழுதுகொண்டிருக்கும்போதே என் மனசிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அப்படித்தான் இருந்தது.

அந்தக் குளிர்காலத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மாமனாரின் நாற்பதாம் நாள் சடங்கு முடிந்த மறுவாரம், நான் யெர்மேக்கை விட்டுப் போனேன். தொலைபேசிக் கோபுரம் பழுதுபார்க்க வந்த வாதிம் என்பவனோடு கராகாந்தி நகரத்துக்குப் போனேன். யெர்மேக்கும் நானும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். அவனிடம் குறை என்று சொல்ல எதுவும் இல்லை. அவன் குறைவாகப் பேசுவான், அந்த வருஷம் பேச்சை அறவே விட்டிருந்தான். வாதிம் நிறையப் பேசினான். பேச்சு தீர்ந்ததும் வாதிமிடம் வேறெதுவும் இல்லை என்பது தெரிய எனக்கு மூன்று மாதம் ஆனது.

மார்ச் மாதத்தில், பனி அழுக்காகி உருக ஆரம்பித்த நாளில் திரும்பி வந்தேன். கதவைத் தட்டினேன். யெர்மேக் திறந்தான். என் பையைப் பார்த்தான். "குளிருது. உள்ள வா" என்றான். அவ்வளவுதான். சாய் போட்டுக் கொடுத்தான். ஊரெல்லாம் பேசியது. அவன் ஒரு வார்த்தை பேசவில்லை.

சாமான் அறை அன்றைக்கு அமைதியாக இருந்தது. இரண்டு வருஷமாக அங்கே ஒரு கணினி இராப்பகலாக உறுமிக்கொண்டிருக்கும். யெர்மேக் பள்ளியில் இயற்பியல் வாத்தியார். எங்கேயோ படித்துவிட்டு, பிட்காயின் தோண்டுகிறேன் என்று அதை ஓடவிட்டிருந்தான். அந்தக் காலத்தில் அதற்கு மதிப்பே கிடையாது. எனக்கு அதில் ஒரே லாபம், அந்த அறையின் வெதுவெதுப்பில் பிப்ரவரியிலேயே தக்காளி நாற்று முளைக்கும். என் அண்ணன் தொக்தார் வரும்போதெல்லாம் கிண்டல் செய்வான்: "கண்ணுல காட்ட முடியாத காசுக்குக் கரண்டு பில்லு கட்டுற ஒரே ஆளு நம்ம மாப்ளதான்."

"பெட்டிய ஏன் நிறுத்திட்ட?" என்று கேட்டேன். ஏதாவது பேச வேண்டும் என்பதற்காகத்தான்.

"போதும்னு தோணுச்சு. ஜனவரியிலேயே எல்லாத்தையும் பூட்டி வச்சிட்டேன்."

"சாவிய எங்கயாவது எழுதி வச்சியா?"

"எதுக்கு? ஒரு வாக்கியம். அது எனக்கு மறக்கவே மறக்காது."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தான். நான் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டேன். அந்தக் குளிர்காலத்தைப் பற்றி அவன் என்னிடம் சொன்னது அந்த ஒன்றுதான். அதற்கடுத்த வருஷம் ஏப்ரலில் தூக்கம் வந்து எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது.

அவனிடம் யாரும் சொல்லவில்லை. கிளாவா ஒருமுறை வாயைத் திறந்தாள். நான் அவளைப் பார்த்த பார்வையில், "நான் என்ன சொல்ல வந்தேன்? மறந்து போச்சு பாரு" என்று தலையில் அடித்துக்கொண்டு போனாள். எங்கள் ஊரில் அந்தச் சாக்கு எல்லோருக்கும் கைவசம் இருந்தது. அதற்கப்புறம் ஊரே கலைந்தது. அரசாங்கம் ஆளுக்கொரு இடத்தில் வீடு கொடுத்தது. எங்களுக்கு அத்பசாரில் மூன்றாம் மாடி. அவனுக்கு அங்கே ஒரு பள்ளியில் வேலை கிடைத்தது, எனக்கு ரயில் நிலையத்து ரொட்டிக் கடையில். நன்றாகவே இருந்தோம். அவன் முன்னைவிட அதிகம் பேசினான். என்னிடம் பிரியமாக இருந்தான். அந்தப் பிரியத்தில் பாதி, நடந்தது தெரியாததால் வருவது என்று எனக்குத் தெரியும். மாறிப்போய் என் கைக்கு வந்த பார்சல்போல அதைப் பிரிக்காமலும் திருப்பாமலும் வைத்திருந்தேன்.

2017 டிசம்பரில் தொக்தார் அண்ணன் வந்தான். காலணியைக்கூடக் கழற்றாமல் அடுப்படிக்கு வந்து நின்றான்.

"மாப்ளே, அந்தப் பெட்டி எங்க?"

"எந்தப் பெட்டி?"

"தக்காளிப் பெட்டி! செய்தி பாக்குறதில்லையா நீங்க? அந்தக் கண்ணுக்குத் தெரியாத காசு இருக்கே, அத வச்சிருக்கறவன்லாம் தலைநகரத்துல மாடி மாடியா வாங்குறானாம்!"

கணினியை எப்போதோ பிரித்துப் போட்டாயிற்று. உள்ளே இருந்ததை யெர்மேக் ஒரு பென் டிரைவில் எடுத்து வைத்திருந்தான். அது என் பட்டன் டப்பாவில் கிடந்தது. மடிக்கணினியில் செருகினோம். கடவுச்சொல் கேட்டது. யெர்மேக் அதை அடுத்தவன் வீட்டுக் கதவைப் பார்ப்பதுபோலப் பார்த்தான்.

"நான் பூட்டவே இல்லையே."

"பின்ன ஆட்டுக்குட்டியா வந்து பூட்டுச்சு?" என்றான் தொக்தார். "நல்லா யோசி. பேரு, பொறந்த தேதி, ஏதாவது."

யெர்மேக் கோப்பின் தேதியைப் பார்த்தான். 2013, ஜனவரி 14. "இது நான் தூங்குறதுக்கு முன்னாடி. ஆனா எனக்கு இல்லாத பக்கம்" என்றான். பிறகு என் பக்கம் திரும்பினான். "பயான், நான் உங்கிட்ட ஏதாவது சொன்னேனா?"

"இல்லையே" என்றேன்.

தொக்தார் என்னைப் பார்த்தான். அந்த ஜனவரியில் நான் எங்கே இருந்தேன் என்பது அவனுக்குத் தெரியும்.

அன்றைக்கு ஆரம்பித்தது. முதலில் தனக்குத் தெரிந்த பெயர்களையெல்லாம் போட்டுப் பார்த்தான். அப்பா பெயர், குதிரையின் பெயர், சூத்திரங்கள், அப்பா சொல்லும் ஆசீர்வாதம். எதற்கும் திறக்கவில்லை. ஜனவரி முடிவதற்குள் யோசிப்பதை விட்டுவிட்டான். கனவு காண ஆரம்பித்தான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டதும் திரையை இழுத்துவிட்டு, தலைமாட்டில் ஒரு நோட்டை வைத்துக்கொண்டு படுப்பான். ஜன்னலுக்கு வெளியே பனியின் வெளிச்சம் திரை வழியே நீலமாக உள்ளே வரும். வீடு தண்ணீருக்கு அடியில் இருப்பதுபோல இருக்கும். நான் பாத்திரத்தைக்கூட ஓசைப்படாமல் வைப்பேன். ஒரு மணி நேரம் கழித்து முகமெல்லாம் சிவந்து எழுந்து வருவான்.

"இன்னைக்கு உப்புத்தரையில நடந்தேன்" என்பான். "எனக்கு முன்னாடி ஒருத்தன் விரலால தரையில எழுதிக்கிட்டே போறான். நான் பின்னாலேயே படிச்சிக்கிட்டுப் போறேன். காத்து வந்து மூடிடுது. ஆனா அவன் நிறுத்தல பயான். எழுதிக்கிட்டேதான் போறான்."

"மூஞ்சி தெரிஞ்சுதா?"

"முதுகுதான். என் சட்டதான் போட்டிருந்தான்."

இன்னொரு நாள் பள்ளிக்கூடம் வந்தது. பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து கரும்பலகையில் ஒவ்வொரு எழுத்து எழுதிவிட்டு உட்கார்ந்தார்கள். கடைசிப் பிள்ளை எழுந்தபோது மணி அடித்துவிட்டது. வேறொரு கனவில் ஜன்னல் கண்ணாடியின் உறைபனியில் எழுதியிருந்ததை நாக்கால் தொட்டுப் படித்தானாம். இனிப்பாக இருந்ததா உப்பாக இருந்ததா என்று என்னையே கேட்டான். நான் எப்படிச் சொல்வேன்?

கனவு சொல்லும்போது அவன் முகத்தில் பணத்தின் நினைப்பே இருக்காது. தொலைந்துபோன தம்பியைத் தூரத்தில் கண்டுவிட்டு வந்தவன்போல இருப்பான். "இன்னைக்கு ரெண்டு வார்த்த கிட்டக்க வந்துச்சு" என்பான். அந்த இரண்டு வார்த்தை அகப்பட்டால் மூன்றாவது என் பெயராக இருக்கும் என்று எனக்கு உறுதியாகத் தோன்றியது. பணம் வேண்டாமா என்றால், வேண்டும். ரொட்டிக் கடையில் நின்று என் கால் வீங்கியிருந்தது. அவன் வாக்கியம் கிடைக்க வேண்டும் என்றும் வேண்டிக்கொண்டேன், கிடைக்கக் கூடாது என்றும் வேண்டிக்கொண்டேன். இரண்டையும் ஒரே மூச்சில்.

மார்ச்சில் தொக்தார் எங்களைத் தன் காரில் ஏற்றிக் கராகாந்திக்குக் கூட்டிப் போனான். அங்கே லுத்மீலா பெத்ரோவ்னா என்று ஓர் அம்மாள். ஆட்களை மயக்கத் தூக்கத்தில் ஆழ்த்தி மறந்ததை எடுத்துக் கொடுப்பாள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அந்த நகரத்தின் தெருக்களில் கார் திரும்பும்போதெல்லாம் நான் குனிந்து பையில் எதையோ தேடினேன்.

லுத்மீலா வீட்டுச் செருப்போடு வந்து கதவைத் திறந்தாள். சோபாவில் கிடந்த பூனையைத் தூக்கிவிட்டு யெர்மேக்கைப் படுக்க வைத்தாள். நானும் தொக்தாரும் சுவரோரம் உட்கார்ந்தோம். மாவு பிசையும்போது பேசுவதுபோல, அவசரமில்லாத குரல் அவளுக்கு. எனக்கே கண் சொருகியது.

"ஜனவரி பதினாலு. எங்க இருக்கீங்க?"

"வீட்டுல."

"என்ன தெரியுது?"

"ஜன்னல். பனி ஜன்னல் பாதி வரைக்கும் வந்திருச்சு."

"கூட யாரு இருக்காங்க?"

பூனை சோபாவின் அடியிலிருந்து எட்டிப் பார்த்தது.

"யாருமில்ல."

"மனைவி எங்க?"

"மேசையில ரெண்டு கோப்பை வச்சிருக்கேன்" என்றான் யெர்மேக், கண்ணைத் திறக்காமல். "ரெண்டுலயும் சாய் ஊத்திருக்கேன். ஒண்ணு ஆறிப்போச்சு."

நான் எழுந்துவிட்டேன். "போதும். எழுப்புங்க. எழுப்புங்க அவர."

"இப்பத்தானே வருது!" என்றான் தொக்தார்.

"எழுப்புங்கன்னு சொல்றேன்ல!"

அவள் எழுப்பினாள். திரும்பி வரும் வழியில் புல்வெளியில் ஈரமாகப் பனி பெய்தது. யெர்மேக் கண்ணாடியில் தலையைச் சாய்த்தபடி, "அப்ப நீ எங்க போயிருந்த பயான்?" என்று கேட்டான். கோபமில்லை. வழி கேட்பதுபோலக் கேட்டான்.

"அம்மா வீட்டுக்கு."

எங்கள் அம்மா தொக்தாருடன்தான் இருந்தாள், அந்தக் குளிர்காலம் முழுக்க. அவன் வானொலியின் சத்தத்தைக் கூட்டினான்.

வழியில் பெட்ரோல் போட நிறுத்தியபோது என்னைத் தனியாக இழுத்தான். "சொல்லித் தொலையேன். அந்த ஜனவரி உங்கிட்டதான் இருக்கு. நீ குடுத்தாத்தான் அவனுக்கு வரும்."

"சொன்னா என்ன விட்டுட்டுப் போயிடுவான்."

"போனா போறான். காசாவது மிஞ்சும்."

"அண்ணே!"

"சும்மா சொன்னேன். அழாத. கண்ணீர் உறைஞ்சிடும்." தன் கையுறையால் என் முகத்தைத் துடைத்துவிட்டான். பெட்ரோல் வாடை அடித்தது.

நான் சொல்லவில்லை. ஏப்ரல் போனது. மே மாதத்தில் ஒரு காலை நான் கடையிலிருந்து வந்தபோது மேசையில் ஒரு தாள் இருந்தது. 'அக்சோருக்குப் போகிறேன். அங்கே தூங்கினால்தான் வரும் என்று தோன்றுகிறது. பயப்படாதே.'

ஆறு நாள் தூங்கினவனை நான் பார்த்திருக்கிறேன். மூச்சு இருக்கிறதா என்று அவன் மூக்கில் கண்ணாடியை வைத்துப் பார்த்திருக்கிறேன். தொக்தாருக்கு போன் செய்தேன். அவன் உடனே காரோடு வந்தான். ஊர் எல்லையில் காரை நிறுத்தி, "நீ போ. நான் இங்கயே இருக்கேன். ஒரு மணி நேரத்துல வரலன்னா உள்ள வருவேன்" என்றான்.

அக்சோரில் கூரைகளையெல்லாம் யாரோ கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். சுவர்கள் மட்டும் வானத்தைப் பார்த்து நின்றன. தெருவில் புல் முளைத்து, புல்லுக்குள் மஞ்சள் காட்டு டூலிப் பூத்திருந்தது. பள்ளிக்கூட வாசலில் யாருடையதென்று தெரியாத நாலு ஆடுகள் படுத்திருந்தன. என்னைக் கண்டும் எழுந்திருக்கவில்லை. காற்றில் ஓசையே இல்லை. நடக்கிறேனா, நடப்பதாக எண்ணிக்கொள்கிறேனா என்று ஒரு கணம் சந்தேகமாகிவிட்டது.

எங்கள் வீட்டின் உள்ளறையில், தரையில் மேல்கோட்டை விரித்து யெர்மேக் படுத்திருந்தான். கூரை இருந்த இடத்திலிருந்து வெயில் அவன் மேல் விழுந்தது. கண் மூடியிருந்தது. நான் விழுந்தடித்துப் போய் அவன் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

கண்ணைத் திறந்தான். "தூக்கமே வரல பயான்" என்றான், அழுகிற குரலில். "காலையிலேர்ந்து படுத்திருக்கேன். பொறந்ததுலேர்ந்து இவ்வளவு முழிப்பா நான் இருந்ததே இல்ல."

அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். இனிமேல் தள்ளிப் போட எனக்கு இடமில்லை. சொன்னேன். வாதிமின் பெயரைச் சொன்னேன். எந்தக் கிழமை போனேன், என்ன எடுத்துக்கொண்டு போனேன், எந்தத் தெருவில் இருந்தேன், எப்படித் திரும்பி வந்தேன் என்று எதையும் விடாமல் சொன்னேன். கதவைத் திறந்து அவன் சொன்ன இரண்டு வார்த்தையையும், பூட்டைப் பற்றிச் சொன்னதையும் சொன்னேன். இத்தனை வருஷம் ஒளித்ததையும், கராகாந்தியிலிருந்து வரும்போது பொய் சொன்னதையும் சொன்னேன்.

அவன் எழுந்து வெளியே போனான். ஊருக்கு வெளியே விரிந்து கிடக்கும் உப்புத்தரையை நோக்கி நடந்தான். நான் வாசலிலேயே நின்று பார்த்தேன். தூரத்தில் கானலுக்குள் போனதும் அவன் தரையை விட்டுக் கொஞ்சம் மேலே நடப்பதுபோலத் தெரிந்தது. பிறகு இரண்டாகப் பிரிந்தான். ஒருவன் நிமிர்ந்தும் ஒருவன் தலைகீழாகவும், கால்கள் ஒட்டியபடி நடந்தார்கள். அப்புறம் இரண்டுமே இல்லை. இப்படியே போய்விட்டான் என்றுதான் நினைத்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. தொக்தார் காரிலிருந்து இறங்கி வந்து என் பின்னால் நின்றான். கடைசியில் ஒரு புள்ளி தெரிந்து, அது மெல்ல ஓர் ஆளாகி எங்கள் பக்கம் வந்தது. காலணி முழுக்க வெள்ளையாக உப்பு.

"அந்த மூணு மாசம் நான் என்ன சாப்பிட்டேன்?" என்று கேட்டான்.

"தெரியாது" என்றேன். உண்மையிலேயே எனக்குத் தெரியாது. ஒருநாளும் நான் கேட்டதில்லை.

"வந்தப்போ உன்ன அடிச்சேனா?"

"இல்ல."

"திட்டினேனா?"

"இல்ல. ஒண்ணுமே கேக்கல."

"அவனுக்குக் கோவமே வரலையா?" என்றான். தன்னைத்தான் 'அவன்' என்றான். "எனக்கு வருது பயான். எனக்கு இப்ப ரொம்பக் கோவம் வருது."

தொக்தார் காரின் முன்சீட்டில் ஏறிக் கதவை அறைந்து சாத்தினான். அத்பசார் வந்ததும் துணிகளை எடுத்துக்கொண்டு பள்ளி விடுதியின் காலி அறைக்குப் போய்விட்டான். ஐந்து வருஷம் தாமதமாக வந்த கோபம் அது. ஆனாலும் அதற்குச் சேர வேண்டிய காலத்தைக் கேட்டது. மே போனது, ஜூன் பாதி போனது. ரயில் நிலையத்து வழியாகப் போனாலும் கடைப் பக்கம் திரும்ப மாட்டான். வீட்டில் பாத்திரங்களை வேண்டுமென்றே ஓசையோடு வைத்தேன். அந்த அமைதி எனக்கு ஆகவில்லை. விசித்திரம் என்னவென்றால், எனக்கு நிம்மதியாகவும் இருந்தது. இப்போது அவன் வெறுப்பது என்னைத்தான். நான் யார் என்று தெரிந்து வெறுக்கிறான்.

ஜூன் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மணி அடித்தது. மடிக்கணினியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். மெலிந்திருந்தான்.

"உக்காரு" என்றான். "பொண்டாட்டி போயிட்டா, அப்பாவும் இல்ல, வெளிய பனிப்புயல். அப்படி ஒருத்தன் ஒரு வாக்கியம் எழுதினா என்ன எழுதுவான்னு பாக்கலாம். அவன எனக்குத் தெரியாது. உனக்குத்தான் தெரியும்."

பென் டிரைவைச் செருகினான். முதல் வாக்கியத்தை அடித்துவிட்டு, வாய்விட்டுப் படித்தான்.

"பயான் போயிட்டா."

திறக்கவில்லை.

"பயான் திரும்பி வருவா."

இல்லை.

"பயான் திரும்பி வரவே கூடாது." அதை அவன் மெதுவாகப் படித்தான். அதுவும் இல்லை. நான், "அப்படி நெனச்சிருந்தா நியாயம்தான்" என்றேன். அவன் தலையாட்டினான்.

"வாதிம் கோபுரத்துலேர்ந்து விழட்டும்."

நான் சிரித்துவிட்டேன். அவனும் உதட்டைக் கடித்துக்கொண்டான். "கால் மட்டும் ஒடஞ்சா போதும்" என்று மாற்றி அடித்தான். பிறகு அதையே ரஷ்ய மொழியில் அடித்தான். ரஷ்ய மொழியில் வாதிம் இன்னும் உயரத்திலிருந்து விழுந்தான். பூட்டு திறக்கவில்லை.

அதற்கடுத்த ஞாயிறும் வந்தான். அதற்கும் அடுத்த ஞாயிறும். ஜூலை முடிவதற்குள் துணிகளும் திரும்பி வந்துவிட்டன, அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. கோடை முழுக்க ஜன்னலைத் திறந்து வைத்து, பருத்திப் பஞ்சுபோலப் பாப்ளர் மரத்தின் விதைகள் அறைக்குள் மிதந்து வந்து விசைப்பலகையில் இறங்க, நாங்கள் எதிரெதிரே உட்கார்ந்து வாக்கியம் வாக்கியமாகப் போட்டோம். அவன் சொல்லாமல் விட்ட ஒவ்வொன்றும் அந்தச் சின்னக் கட்டத்துக்குள் போனது. 'நான் உன்னிடம் பேசியிருக்க வேண்டும்.' 'ரொட்டி தீர்ந்துவிட்டது.' 'அப்பா செத்தபோது நீ என் கையைப் பிடிக்கவில்லை.' அதைக் கேட்டதும் நான் சொன்னேன், "பிடிச்சேன் யெர்மேக். நீதான் கையை எடுத்துக்கிட்ட." அவன் தன் கையைப் பார்த்தான். "அது எனக்கு ஞாபகம் வராது. நீ சொன்னா சரி" என்றான்.

நானும் சில சொன்னேன்.

"நான் அழகா இல்லன்னு போட்டுப் பாரேன்."

"அத அவன் எழுதிருக்க மாட்டான்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"அவன் முட்டாளா இருக்கலாம். குருடன் இல்ல."

எழுத எழுத ஒரு நோட்டு நிறைந்தது. எது போட்டாயிற்று, எது போடவில்லை என்று பார்க்க வேண்டுமே. கனவு எழுதுகிற நோட்டின் மறுபக்கத்திலிருந்து ஆரம்பித்து, கடைசியில் கனவுகளைப் போய் முட்டியது. கனவுகள் அவனுக்கு நின்றுபோயிருந்தன. எனக்குத்தான் வர ஆரம்பித்தன. ஒன்றில் பனி ஜன்னல் பாதிவரை ஏறிக் கிடக்க, நான் ஆறிப்போன சாயைக் குடித்துக்கொண்டிருந்தேன். மிக நன்றாக இருந்தது.

செப்டம்பரில் பள்ளி திறப்பதற்கு முந்தின நாள், அவன் ஒரு வாக்கியத்தை நிதானமாக அடித்தான். நீளமான வாக்கியம். திரையைக் கையால் மறைத்துக்கொண்டான். அடித்து முடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருந்தான். திறக்கவில்லை. நான் அவன் தோளைப் பார்த்தே புரிந்துகொண்டேன்.

"என்ன எழுதின?"

"இது அவன் எழுதினதில்ல, நான் எழுதினது" என்றான். கணினியை மூடினான். "வா, பசிக்குது."

அதற்குப் பிறகு நாங்கள் போட்டுப் பார்க்கவில்லை. பென் டிரைவைத் தொக்தாரிடம் கொடுத்துவிட்டோம். அல்மாத்தியில் யாரோ பெரிய பெரிய இயந்திரங்களை வைத்துக்கொண்டு இப்படிப்பட்ட பூட்டுகளை உடைக்கிறார்களாம். திறந்தால் அவர்களுக்கு ஒரு பங்கு. அக்டோபரில் தொக்தார் வந்து, வழக்கம்போல அடுப்படி வாசலில் நின்றான்.

"அவங்க கேக்குறாங்க மாப்ளே. நீங்க எந்த மாதிரி வாக்கியம்லாம் போட்டீங்கன்னு தெரிஞ்சா, அத வச்சு மிஷின் சட்டுனு புடிச்சிடுமாம். ஆளோட பேச்சு எப்படின்னு தெரியணுமாம். அந்த நோட்டக் குடு."

யெர்மேக் என்னைப் பார்த்தான். நான் பௌர்சாக் மாவுருண்டைகளைப் பொரித்துக்கொண்டிருந்தேன், கரண்டி கையில் இருந்தது. எண்ணெயைப் பார்ப்பதா அவனைப் பார்ப்பதா என்று தெரியவில்லை.

"அதக் குடுக்க முடியாது மச்சான்" என்றான்.

"ஏன்?"

"அது நாங்க பேசிக்கிட்டது."

"யோவ், அது வெறும் பாஸ்வேர்டு லிஸ்ட்டுய்யா!" தொக்தார் என் பக்கம் திரும்பினான். "பயான், நீயாவது சொல்லேன். வாழ்நாள் முழுக்க ரொட்டிக் கடையிலயே நிக்கப் போறியா?"

"நின்னுட்டுப் போறேன்" என்றேன். "உக்காந்து சாப்பிடுண்ணே. சூடா இருக்கு."

அவன் உட்காரவில்லை. எங்கள் இருவருக்கும் பைத்தியம் என்று கத்தினான். அம்மாவின் மேல் ஆணையிட்டான். நாலு பௌர்சாக்கை அள்ளிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, கதவைத் திறந்து வைத்தபடியே போய்விட்டான். படியிறங்கும் சத்தம் கீழ்வரை கேட்டது. இரண்டு மாதம் எங்களோடு பேசவில்லை. பிறகு பேசினான். அல்மாத்தி இயந்திரங்கள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன என்பான், ஒன்றும் அகப்படவில்லை என்பான்.

அன்றைக்கு அவன் போனதும் யெர்மேக் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினான். வந்து உட்கார்ந்து, தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, அந்த வாரம் வகுப்பில் ஒரு பெண் ஒளியைப் பற்றிக் கேட்ட கேள்வியைச் சொல்ல ஆரம்பித்தான். நீளமான கதை அது. நான் அடுப்பை அணைத்துவிட்டு அவன் எதிரில் உட்கார்ந்து கேட்டேன்.